மனை மதிப்பும் மதிப்பாளர் மனக்குறையும்

தோற்றுவாய்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டும் நாள்தோறும் தேடிப் பெறத்தக்கன. உறையுளோ பெரும்பாலார்க்கு வாழ்நாளில் ஒருமுறையே கிட்டுவது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று நம் வீட்டு மூதாட்டிமார் சொல்லிவரும் பழமொழியின் உண்மையைத் தம் கைப்பொருள் கரையக் கண்டறியாத குடும்பஸ்தர் நம்மில் அரியர். ஆதலின், இவ்வீட்டின் விலை இவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிடும் மனிதன், ஒரு குடும்பத்தார் பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த பொருளின்மீது தீர்ப்புச் சொல்பவனே ஆகின்றான்.

நம் சங்கத்து அங்கத்தினர் பலருடைய மக்கள் இந்நாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உத்தியோகம் பார்த்து, பாங்கியிற் கடன் பெற்று, ஆங்கே வீடு வாங்கிவருகின்றனர். அங்ஙனம் வாங்குங்கால் அவர்கள் கைக்கு மதிப்பறிக்கை என்னும் ஓர் ஏடு வருகின்றது. அதனைப் புரட்டுவோர் சி 4 என்றும், கியூ 4 என்றும், 2.1 என்றும் குறிகள் நிறைந்திருப்பதைக் கண்டு திகைக்கின்றனர். இது வீட்டின் ஜாதகமோ, மந்திரச் சக்கரமோ என்று இங்குள்ள பெற்றோர் கேட்பதும் உண்டு. அவ்வேட்டை எழுதுகின்ற மதிப்பாளர்களே அதனால் மனம் நொந்து நிற்கின்றனர் என்பதைப் பலர் அறியார். ஆண்டுதோறும் பெருகிவரும் எழுத்து விதிகள் தம் தொழிலை நெரிக்கின்றன என்பது அவர்கள் முறையீடு. அம்முறையீடு நியாயமானதா, அவ்விதிகள் ஏன் தோன்றின, அவற்றால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஏறக்குறையத் தொண்ணூறாண்டுச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வது நம் நோக்கம்.

வீடு கடனில் மூழ்கிய காலம்

1929-ம் வருஷத்தில் அமெரிக்காவிற் பெரும் பொருளாதார வீழ்ச்சி உண்டாயிற்று. அதற்கு முன் அந்நாட்டில் வீட்டின்மேற் கடன் கொடுக்கும் முறை இக்காலத்து முறை போன்றதன்று. வீட்டு மதிப்பிற் பாதியளவே கடனாகக் கிடைக்கும். தவணையும் பெரும்பாலும் ஐந்தாண்டுகளுக்கு மேற்படாது. தவணை முடிவில் முதலை ஒரே தொகையாகச் செலுத்தவேண்டும். அன்றேல் கடனைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். வேலையும் இல்லை, புதுப்பிப்பாரும் இல்லை என்ற நிலை வந்தபோது வீடுகள் கடனில் மூழ்கலாயின. 1933-ம் வருஷத்தின் முற்பகுதியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 வீடுகள் கடன்காரர் கைக்குச் சென்றன.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டுச் சர்க்கார் வீட்டுச் சொந்தக்காரர் கடன் கழகம் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினர். அக்கழகம் மூன்றாண்டுகளுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் கடனைத் தான் ஏற்றுக்கொண்டு, நீண்ட தவணையிற் சிறு சிறு தொகையாகச் செலுத்த வழிசெய்தது. அடுத்த ஆண்டு, 1934-ம் வருஷத்தில், பெடரல் வீட்டு நிர்வாகம் தோன்றிற்று. அது கடன் கொடுப்பதில்லை. பாங்கிகள் கொடுக்குங் கடனுக்கு ஜாமீன் நிற்பது. வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80 பங்கு வரையிலும், 20 ஆண்டுத் தவணையிலும் அதன் உறுதியின்மேற் கடன் கிடைத்தது. 1938-ம் வருஷத்தில், அத்தகைய கடன் பத்திரங்களை விலைக்கு வாங்கும் பொருட்டு, பிற்காலத்தில் ஃபேனி மே என்று பெயர் வழங்கலான ஸ்தாபனமும் உண்டாயிற்று.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. நம் நாட்டு நிதிகளில் வீட்டை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்த பெரியோர், அந்த வீட்டையும் அறிவர், அவ்வீட்டாரையும் அறிவர். ஆனால் எங்கோ இருக்கும் ஒரு வீட்டிற்கு, வாஷிங்டன் நகரத்தில் உள்ள காரியாலயம் ஜாமீன் நிற்கவேண்டுமானால், அவ்வீட்டைக் கண்ணாற் கண்ட ஒருவன் எழுதும் எழுத்தன்றி வேறு ஆதாரம் அதற்கில்லை. எல்லா ஊர் வீடுகளையும் ஒரே அளவுகோலால் அளந்து எழுதவேண்டிய அவசியம் இவ்வாறே பிறந்தது. 1932-ம் வருஷத்தில் மதிப்பாளர்களுக்கு ஒரு கல்விக்கழகமும், 1935-ம் வருஷத்தில் குடியிருப்பு வீடுகளை மதிப்போர்க்குத் தனிச் சங்கமும் அமைந்தன. வழிவழி வந்த கைப்பழக்கமாக இருந்த தொழில் சாஸ்திரமாகத் தலைப்பட்டது.

சிவப்பு மையின் கொடுமை

சாஸ்திரமென்று பெயர் பெற்றமட்டில் ஒன்று நேர்மையுடையதாகிவிடாது என்பதற்கு இதன் தொடக்கமே சாட்சியாயிற்று. மேற்கூறிய கடன் கழகத்தார் 1935-ம் வருஷம் முதல் 1940-ம் வருஷம் வரையில் 200-க்கு மேற்பட்ட நகரங்களுக்குப் படங்கள் வரைவித்தனர். ஒவ்வொரு தெருப்பகுதியையும் நான்கு தரமாக்கி, முதற்றரத்துக்குப் பச்சையும், இரண்டாவதற்கு நீலமும், மூன்றாவதற்கு மஞ்சளும், கடைத்தரத்துக்குச் சிவப்புமாக வண்ணந் தீட்டினர். தரத்தை முடிவுசெய்தற்கு ஒரு பாரம் அச்சிடப்பட்டிருந்தது. கட்டடத்தின் வயது, வாடகை, பழுது ஆகியவற்றை எழுதும் இடங்களோடு, அப்பகுதியில் வாழும் நீக்ரோ மக்கள் எத்தனை பங்கு, பிறநாட்டிற் பிறந்தார் எத்தனை பங்கு என்று எழுதும் இடங்களும் அப்பாரத்தில் இருந்தன. கறுப்பு நிறத்தார் வாழும் பகுதி பெரும்பாலும் சிவப்பு மை பூசப்பெற்றது.

பெடரல் வீட்டு நிர்வாகமும் இவ்வழியிலேயே சென்றது. மதிப்பாளர்க்கென அது வெளியிட்ட கைந்நூல், வேற்று இனத்தார் குடிபுகாதபடி கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிக்கொள்வதை நற்குறியாகக் கருதிற்று. அத்தகைய நிபந்தனைகளை நீதிஸ்தலங்கள் நிறைவேற்றி வைத்தல் கூடாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948-ம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. வீட்டு விஷயத்தில் இனவேற்றுமை பாராட்டுதலை விலக்கும் சட்டம் 1968-ம் வருஷத்தில் நிறைவேறிற்று. அதற்குப் பின்னரும் பழைய போதனை முற்றும் நீங்கவில்லை. 1976-ம் வருஷத்தில் அந்நாட்டு நீதி இலாகா மதிப்பாளர் கல்விக்கழகத்தின்மீதே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. இனத்தை வைத்து விலையைக் குறைத்தல் நெறியன்று என்று கழகத்தார் 1977-ம் வருஷத்தில் உடன்பட்டு, தம் பாடங்களைத் திருத்திக்கொள்ள இசைந்தனர்.

அயல்நாட்டார் குற்றத்தை எடுத்துரைத்து மகிழ்வதற்காக இதனை எழுதுகின்றோம் அல்லோம். குடியிருப்போர் பிறப்பை நோக்கி மனைக்கு விலையும், வாடகைக்கு இசைவும் குறிக்கும் வழக்கம் நம் தெருக்களில் இருந்ததில்லை என்று நெஞ்சறிய நாம் சொல்ல இயலுமோ? ஒரு ஜாதியார் சங்கத்தின் பத்திரிகையில் எழுதுகின்ற நாமே இக்கேள்வியை முதலில் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஓடும் செங்கல்லும் குலம் அறியா. குலத்தைப் பார்த்து அவற்றிற்கு விலை குறைப்பவன் மதிப்பவன் அல்லன், அவமதிப்பவனே. அத்தீங்கினை அமெரிக்காவிற் செய்தது தனிமனிதன் துவேஷம் மட்டுமன்று, அச்சிட்ட பாரமும் ஆகும் என்பதை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்வாராக. பின்வரும் சரித்திரத்திற்கு அது வேண்டப்படும்.

இரண்டு பக்கத்தினின்று சட்டம் வரை

1986-ம் வருஷத்தில் ஒரே சீரான குடியிருப்பு மதிப்பறிக்கைப் பாரம் ஒன்று வழக்கிற்கு வந்தது. அது இரண்டே பக்கம். அண்டை அயலின் நிலை, மனையின் அளவு, கட்டடத்தின் விவரம், அண்மையில் விலைபோன ஒத்த வீடுகள் மூன்று, அவற்றிற்கும் இவ்வீட்டிற்கும் உள்ள ஏற்றத்தாழ்வு, முடிவான விலை ஆகிய இவையே அதில் அடங்கியவை. இடமுள்ள மட்டும் மதிப்பாளன் தன் சொல்லால் எழுதலாம்.

அக்காலத்திலேயே பெருங்கேடு ஒன்று முதிர்ந்துகொண்டிருந்தது. சேமிப்புக் கடன் சங்கங்கள் என்று வழங்கிய பணநிலையங்கள், கண்மூடித்தனமாகக் கடன் கொடுத்து முறியத் தொடங்கின. 1986 முதல் 1995 வரையிலான பத்தாண்டுகளில் அவ்வாறு முறிந்தவை 1,043. அதனால் வரி கொடுக்கும் ஜனங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் ஏறத்தாழ 12,400 கோடி டாலர். இதற்குக் காரணங்கள் பல. எனினும், கடன் கொடுப்பவன் விரும்பிய தொகையை எழுதிக்கொடுத்த பொய்ம்மதிப்பும் அவற்றுள் ஒன்று என்பது அந்நாட்டுக் காங்கிரஸ் மகாசபையின் விசாரணையிற் புலனாயிற்று. அந்நாள்வரை பல ராஜ்யங்களில் முடிதிருத்துவோனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வீட்டை மதிப்போனுக்கு வேண்டுவதில்லை.

1989-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி கையொப்பமான பெருஞ்சட்டத்தின் பதினோராம் பிரிவு இக்குறையைப் போக்கிற்று. பெடரல் தொடர்புடைய கடன்களுக்கு வீட்டை மதிப்போர் அந்தந்த ராஜ்யத்தில் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும் என்றும், 1987-ம் வருஷத்தில் அமைந்த மதிப்பீட்டு நிறுவனம் வகுக்கும் பொதுநெறிக்கு உட்பட்டு எழுதவேண்டும் என்றும் அது விதித்தது. உண்மையான மதிப்பாளர் இதனை வரவேற்றனர். போலிகள் ஒழிவர், தொழிலுக்குக் கௌரவம் உண்டாகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்நம்பிக்கை பாதியே பலித்தது. அனுமதிச் சீட்டு அறிவில்லாதவனை விலக்கிற்றேயன்றி, அறிவுள்ளவனை அச்சுறுத்துபவனை விலக்கவில்லை. வேலை கொடுப்பவர் யார்? கடன் தரகரும் பாங்கியாருமே. கிரயம் முடிந்தாலன்றித் தரகர்க்குக் கூலி இல்லை. விலை குறைவாக மதித்த மனிதனுக்கு மறுமுறை அழைப்பு வாராது. 2000-ம் வருஷம் தொடங்கிச் சில ஆண்டுகள், மதிப்பாளர்கள் ஒரு விண்ணப்பத்திற் கையொப்பம் சேர்த்தனர். கடன் கொடுப்போர் விலையை உயர்த்தி எழுதும்படி நெருக்குகின்றனர், மறுப்பவரை ஒதுக்கிவைக்கின்றனர் என்பது அதன் சாரம். அதிற் கையொப்பமிட்டோர் ஏறக்குறைய 11,000 பேர். அவ்விண்ணப்பம் வாஷிங்டனுக்குச் சென்றது, செவிசாய்ப்பார் இல்லை. 2008-ம் வருஷத்தில் வீட்டுக்கடன் உலகம் சரிந்து வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியை ஆராய்ந்த குழுவினர் 2011-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில் இவ்விண்ணப்பத்தைக் குறிப்பிட்டிருக்கின்றனர். வெள்ளம் வந்தபின் அணையைப் பற்றிப் பேசுவது போலாயிற்று அது.

மருந்தே நோயாதல்

வீழ்ச்சிக்குப் பின் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நியூயார்க்கு ராஜ்யத்து அட்டர்னி ஜெனரலுக்கும், ஃபேனி மே, ஃப்ரெடி மாக் என்னும் இரு பெரும் ஸ்தாபனங்களுக்கும் 2008-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின் விளைவாக, 2009-ம் வருஷம் மே மாதம் முதல் தேதியில் ஓர் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. கடன் தரகர் மதிப்பாளரைத் தாமே பொறுக்கி எடுத்தல் கூடாது என்பது அதன் உட்கருத்து. கருத்து நன்றே. ஆனால் தரகர் நின்ற இடத்தில் மேலாண்மைக் கம்பெனிகள் வந்து நின்றன. கடன் வாங்குபவர் செலுத்தும் மதிப்புக் கூலியில் ஒரு பகுதி அக்கம்பெனிகளுக்குச் செல்ல, வீட்டை ஏறி இறங்கிப் பார்ப்பவர்க்கு எஞ்சியது குறைவு. குறைந்த கூலிக்கு விரைந்து எழுதித்தர இசைபவரே பெரிதும் அழைக்கப்பட்டனர் என்பது அனுபவமிக்க மதிப்பாளர்களின் குற்றச்சாட்டு. 2010-ம் வருஷம் ஜூலை மாதத்துச் சீர்திருத்தச் சட்டம், அவ்வவ்விடத்து வழக்கத்துக்கு ஒத்த நியாயமான கூலி கொடுக்கப்படவேண்டுமென்று விதித்தது. நியாயமான கூலி எவ்வளவு என்ற வாதம் அத்துடன் ஓயவில்லை.

அதே 2009-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், சந்தை நிலைமையைக் காட்டும் இணைப்புப் பாரம் ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. கடந்த ஓராண்டை மூன்று பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதியிலும் விற்ற வீடுகள் எத்தனை, விலைக்கு நின்றவை எத்தனை, நடுத்தர விலை யாது என்று கட்டங்களை நிரப்புதல் வேண்டும். பெருநகரத்தில் இதற்குப் பொருள் உண்டு. ஆண்டில் நான்கு வீடுகளே கைமாறும் கிராமத்தில் இக்கணக்கால் ஆவது என்னை? ஒரு வீடு உயர்ந்த விலைக்குப் போனால் சந்தை ஏறிற்று என்றும், மறு வீடு தாழ்ந்த விலைக்குப் போனால் சந்தை வீழ்ந்தது என்றும் கட்டம் சொல்லும். அங்கு ஏறியதும் இல்லை, வீழ்ந்ததும் இல்லை என்பதை அவ்வூர் மதிப்பாளன் அறிவான். ஆயினும் கட்டத்தை வெறுமையாக விடுதற்கு இயலாது. ஒன்பதாண்டுகள் இங்ஙனம் எழுதுவித்தபின், 2018-ம் வருஷத்தில் அவ்விரு ஸ்தாபனங்களும் இப்பாரத்தை வேண்டாவென்று விட்டன.

சொல் போய்க் குறி வந்தமை

இதனினும் பெரிய மாறுதல் 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் தேதியில் வந்தது. 2005-ம் வருஷத்திலேயே இரண்டு பக்கப் பாரம் ஆறு பக்கமாக வளர்ந்திருந்தது. அப்பாரத்தில் எழுதும் விஷயங்கள் யாவும் இனி ஒரே சீரான குறிகளால் எழுதப்படவேண்டும் என்று இரு ஸ்தாபனங்களும் விதித்தன. அறிக்கையைப் படிப்பது இனி மனிதன் மட்டுமன்று, கணிப்பொறியும் என்பதே இதன் காரணம்.

அதுகாறும் மதிப்பாளர்கள் நல்லது, நடுத்தரம், சுமார் என்று எழுதிவந்தனர். ஒருவர் சுமார் என்பதை மற்றொருவர் நல்லது என்பர். இதனை ஒழிக்கக் கட்டடத்தின் நிலைக்குச் சி 1 முதல் சி 6 வரையிலும், வேலைப்பாட்டின் தரத்துக்குக் கியூ 1 முதல் கியூ 6 வரையிலும் ஆறாறு படிகள் வகுக்கப்பட்டன. புதிதாகக் கட்டி எவரும் குடிபுகாத வீடு சி 1. உயிர்க்கோ கட்டட உறுதிக்கோ கேடு விளைக்கத்தக்க பழுதுடையது சி 6. நாளடைவிற் புழங்கித் தேய்ந்து, சிறு பழுதுகளோடு ஒழுங்காகப் பேணப்பட்டுவருவது சி 4. ஆகவே, தம் மக்கள் வாங்கிய வீட்டுக்குச் சி 4 என்று எழுதியிருப்பதைக் கண்டு, பரீட்சையில் நாலாந்தரம் வந்ததுபோல் வருந்தும் பெற்றோர் வருந்தவேண்டுவதில்லை. குடும்பம் நடத்திய வீட்டின் இயல்பே அது.

2.1 என்பது இரண்டேகாற் குளியலறையும் அன்று, இரண்டும் பத்தில் ஒன்றும் அன்று. முழுக் குளியலறை இரண்டு, குளிக்குமிடம் இல்லாத கழிப்பறை ஒன்று என்பது அதன் பொருள். ஜன்னல் வழியே தோன்றும் காட்சிக்கும் குறி உண்டு. அதில் பி என்பது நன்மை, என் என்பது நடுநிலை, ஏ என்பது கேடு. ஏ என்ற எழுத்தைக் கண்டு உள்ளம் குளிர்ந்தவர் ஏமாந்தவரே ஆவர். கூலி கொடுத்த குடும்பஸ்தனுக்குத் தன் வீட்டைப் பற்றிய ஏடு விளங்காமற் போனது இம்முறையின் முதற்குறை.

இரண்டாவது குறை நுட்பமானது. முன்னெல்லாம் ஒரு தெருவில் உள்ள வீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இது சற்று மேல், அது சற்றுக் கீழ் என்று மதிப்பாளன் கூறுவான். புதிய விதிப்படி ஒவ்வொரு வீடும் தனித்தே தன் படியைப் பெறும். ஒரே தெருவில் உள்ள பழைய வீடுகள் அனைத்தும் சி 4 என்னும் ஒரே படியில் அடங்குவது உண்டு. அவற்றுள் ஒன்று துப்புரவாகப் பேணப்பட்டது, மற்றொன்று கைவிடப்படும் தறுவாயில் உள்ளது என்பதைக் குறியாற் காட்ட வழியில்லை. வேறோரிடத்தில் வாக்கியமாக எழுதலாம் என்பது மறுமொழி. எழுதலாம், அவ்வாக்கியத்தைக் கணிப்பொறி எவ்வளவு பொருட்படுத்தும் என்பதே மதிப்பாளர் வினா.

எழுதினவரையே எண்ணும் பொறி

குறிகளாகச் சேர்ந்த செய்திகள் வீண்போகவில்லை. 2015-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஃபேனி மே ஸ்தாபனம், தன்னிடம் குவிந்த மதிப்பறிக்கைகளைக் கொண்டு, புதிதாக வரும் ஒவ்வோர் அறிக்கையையும் சோதிக்கும் பொறியைப் பாங்கிகளுக்குத் திறந்துவிட்டது. அப்பொறி அறிக்கைக்கு 1 முதல் 5 வரை எண் இடும். எண் மிகுந்தால் ஆபத்து மிகுதி என்பது கொள்கை. அண்டையில் இன்னின்ன வீடுகளும் விலைபோயிருக்க, நீர் ஏன் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை, உம்மோடொத்தார் இவ்வளவு கழித்திருக்க நீர் ஏன் அவ்வளவு கழித்தீர் என்ற கேள்விகள் மதிப்பாளரிடம் வரலாயின. அவர் இருபதாண்டு அதே ஊரில் நடந்தவராயிருக்கலாம். அவ்வீடு இரயில் பாதையின் மறுபுறத்தது, நடுவே கடக்க வழியில்லை என்பதை அவர் அறிவார். ஆயினும் அதனை எழுதிப் பதில் அனுப்புதற்குத் தனிக்கூலி இல்லை.

2022-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல், வீட்டின் பரப்பை அளப்பதற்குத் தேசிய அளவு நெறி ஒன்றையே கையாளவேண்டும் என்று அதே ஸ்தாபனம் விதித்தது. அந்நெறிப்படி ஒரு தளத்தின் ஒரு சிறு பகுதி நிலமட்டத்துக்குக் கீழே இருப்பினும், அத்தளம் முழுவதும் கீழ்த்தளமாகவே எண்ணப்படும். சரிவான மலைப்புறத்திற் கட்டிய வீடுகளுக்கு இதனால் தரைமேற் பரப்பு திடீரெனச் சுருங்கிற்று. வீடு சுருங்கவில்லை, கணக்குச் சுருங்கிற்று. ஆனால் ஒரு நன்மையும் உண்டு. அதற்கு முன் ஒரே வீட்டை இருவர் அளந்தால் இருவேறு பரப்பு வந்ததும் உண்மையே.

இதன்மேலும் ஒரு பெரிய மாறுதல் வந்தது. 2018-ம் வருஷம் முதல் ஆராய்ந்து வகுத்த புதிய முறையில், தனிவீடு, அடுக்குமாடிப் பகுதி, ஒன்றுக்கு மேற்பட்ட குடித்தனமுள்ள கட்டடம் என்பனவற்றிற்கு இருந்த வேறுவேறு பாரங்கள் யாவும் ஒழிந்து, வீட்டின் தன்மைக்கேற்பத் தானே விரிந்து சுருங்கும் ஒரே அறிக்கை அமைகின்றது. வெளிப்புறத்துக்குத் தனிப்படி, உட்புறத்துக்குத் தனிப்படி, சமையலறை குளியலறைகளைப் புதுப்பித்த காலம் எனக் கேள்விகள் பெருகியுள்ளன. அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 8-ந் தேதி சிலருக்கும், 2026-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி எல்லார்க்கும் இதற்கு வழி திறக்கப்படுவது. 2026-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி முதல் இது கட்டாயம். புதிய மென்பொருள் வாங்கவேண்டும், புதிதாகக் கற்கவேண்டும், வீட்டினுள் நிற்கும் நேரம் கூடும், கூலி அதற்கேற்பக் கூடுமென்பதற்கு உறுதியில்லை. முதிர்ந்த மதிப்பாளர் பலர், இனிக் கற்பதினும் ஓய்வே நன்று என்கின்றனர். இளைஞர் இத்தொழிலிற் புகுவதற்கோ, பெரும்பாலும் அனுபவசாலி ஒருவரின்கீழ் நெடுநாட் பயிலவேண்டியிருக்கின்றது. தமக்குப் போட்டியாக வருபவனைப் பயிற்றுவார் அரியர். இதற்கிடையே, மதிப்பாளர் அறிக்கையே வேண்டா என்று சில கடன்களுக்கு விலக்களிக்கும் வழக்கமும் வளர்ந்துள்ளது. எம்மைக் கொண்டு செய்தி சேர்த்து, அச்செய்தியைக் கொண்டு எம்மையே விலக்குவதோ என்பது அவர்கள் நெஞ்சை அறுக்கும் கேள்வி.

இருபக்க நியாயமும்

மதிப்பாளர் முறையீட்டை இதுவரை சொன்னோம். மறுபக்கத்தையும் சொல்லாதொழிதல் முறையன்று.

சுதந்தரமாக எழுதவிட்டிருந்த காலத்திற்றான் சொல்லின் மறைவில் துவேஷம் ஒளிந்திருந்தது. இனத்தின் பெயரை எழுதாமலே, இப்பகுதியில் குற்றம் மிகுதி என்றோ, இத்தன்மையார் வாழும் இடம் என்றோ எழுதி விலையைக் குறைக்கலாம். 2021-ம் வருஷத்தின் இறுதியில், வீட்டுக்கடன் ஸ்தாபனங்களை மேற்பார்வையிடும் பெடரல் அதிகாரிகள், அண்மைக்கால மதிப்பறிக்கைகளில் இனத்தைச் சுட்டும் வாசகங்கள் இன்னும் காணப்படுவதை எடுத்துக்காட்டினர். விலக்கும் சட்டம் பிறந்து ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர் இந்நிலை. சீரான குறிகளும், ஆயிரக்கணக்கான அறிக்கைகளை ஒருங்கே நோக்கும் பொறியும் இல்லையேல், இத்தகைய தீங்கு வெளிப்படுவது அரிது. சொற்களைக் குறைத்ததும் கேள்விகளைப் பெருக்கியதும் வீண் பிடிவாதத்தால் மட்டும் அன்று.

ஆயினும், முன்னர் மனத்திற் பதிக்கச் சொன்ன செய்தியை இங்கே நினைவு கூர்வோம். 1935-ம் வருஷத்துச் சிவப்பு மை, தனிமனிதன் தன் விருப்பாற் பூசியதன்று. அச்சிட்ட பாரம் கேட்டது, மனிதன் நிரப்பினான். ஆகவே, பாரம் ஒழுங்காயின் நீதி தானே வரும் என்பாரும் பிழைபட்டனர்; மனிதனை விட்டுவிட்டால் நீதி தானே வரும் என்பாரும் பிழைபட்டனர். பாரத்தின் பிழையை மனிதன் திருத்தவேண்டும். மனிதனின் பிழையைப் பாரம் காட்டிக்கொடுக்கவேண்டும். ஒன்று மற்றொன்றை விழுங்கினால் இரண்டும் கெடும்.

இச்சரித்திரத்தில் நம் மனத்தை உறுத்துவது பிறிதொன்று. ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னரும் புதிய சுமை ஏற்றப்பட்டது எவர்மீது? மதிப்பாளர்களுள் பொய்ம்மதிப்பு எழுதித்தந்தவரும் உண்டு; மறுப்பதில்லை. ஆனால் விலையை உயர்த்தென்று நெருக்கியவரினும், நெருக்குகின்றனர் என்று முன்கூட்டி ஓலமிட்ட பதினோராயிரம் பேரை உள்ளிட்ட தொழிலாளர்மீதே எழுத்துச்சுமை ஏறிற்று. விதி செய்வார்க்கு இஃது எளிது. கேள்வி கேட்கத் தக்கவனை விடுத்து, கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவனையே மேன்மேலும் கேட்பது அதிகாரத்தின் பழைய இயல்பு. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைமார் அறியாத செய்தியன்று இது.

முடிவுரை

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர் மக்களுக்குச் சில சொல்லி முடிப்போம். மதிப்பறிக்கையின் பிரதி ஒன்று, கடன் முடிவாகும் நாளுக்கு மூன்று வேலைநாட்களுக்கு முன்னரே கடன் வாங்குவோர்க்குக் கொடுக்கப்படவேண்டும் என்பது 2014-ம் வருஷம் ஜனவரி முதல் அங்கு நடைமுறையில் உள்ள விதி. அதனைக் கேட்டு வாங்குக. வாங்கியபின் பெட்டியில் வையாது படிக்க. அறைகளின் எண்ணிக்கை, பரப்பு, ஒப்பிட்ட வீடுகள் ஆகியவற்றிற் பிழை காணின், மறுபரிசீலனை வேண்டுமென்று கடன் கொடுப்போரிடம் எழுத்து மூலம் கேட்கலாம். அதனை ஏற்று ஆராயும் முறை பற்றி 2024-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பெடரல் அதிகாரிகள் பாங்கிகளுக்கு வழிகாட்டுரை வெளியிட்டுள்ளனர். விலை போதவில்லை என்று சினப்பது வழக்காகாது; இன்ன செய்தி தவறு என்று காட்டுவதே வழக்கு.

அவ்வண்ணமே, நாடாவும் புகைப்படப் பெட்டியுமாக வாயிலில் வந்து நிற்கும் மதிப்பாளரை ஐயத்தோடு நோக்காது மரியாதையோடு வரவேற்க. வீட்டைப் புதுப்பித்த காலமும் செலவும் எழுதிய குறிப்பை அவர் கையிற் கொடுக்க. விலையை மட்டும் கேட்காது விடுக. அவரை நெருக்கியவர் செய்த தீங்கினை மேலே கண்டோம்.

எந்நாட்டிலும் ஒரு வீட்டின் உண்மையான மதிப்பை அறிவதற்கு அதன் படியேறிச் சென்று பார்க்கும் கண் ஒன்று வேண்டும். கண்டதை அஞ்சாது எழுதும் கை ஒன்று வேண்டும். அவ்வெழுத்தைக் கேட்டு நிற்கும் பாரத்தில், ஏன் என்பதைச் சொல்ல ஓரிடமும் வேண்டும். இம்மூன்றையும் காத்துக்கொண்டு எத்தனை விதி செய்யினும் நன்றே. இவற்றுள் ஒன்றை இழந்தால், நூறு பக்க அறிக்கையும் வீட்டைக் காணாதவன் எழுதிய கதையாகவே முடியும்.